விடுதலைப் போரும் அயலார் பிணக்கும்: மாத்தளை கண்ட வரலாறு

ஒரு நாடு விடுதலை பெற்ற கதையைப் படிப்போர் பெரும்பாலும் கொடியேற்று விழாவுடன் நூலை மூடிவிடுகின்றனர். அந்நியன் வந்தான், ஆண்டான், மக்கள் எழுந்தனர், அந்நியன் சென்றான். கதை இத்துடன் முற்றுப்பெறுவதாகவே பாடப் புத்தகங்களும் கூறும். ஆயின் கொடியேறிய மறுநாள் என்ன நிகழ்ந்தது? ஒரே சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த அயல் நாடுகள் சங்கிலி அறுந்தவுடன் ஒன்றையொன்று தழுவிக்கொண்டனவா, அன்றி ஒன்றோடொன்று பொருதனவா? இவ்வினாக்களை எழுப்புவோர் சிலரே.

இவற்றுக்கு விடை தேட நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. இலங்கையில் ஆங்கில ஆட்சிக்கெதிராக நிகழ்ந்த பெருங் கிளர்ச்சிகளுள் ஒன்றின் களம் எமது மாத்தளை. அயல் நாடுகள் இரண்டின் பிணக்கினால் நாடற்றவராக்கப்பட்ட மக்களின் முன்னோர், கால்நடையாக வந்து இளைப்பாறிய முதல் மலைநகரும் இதே மாத்தளைதான். ஒரே மண்ணில் எழுதப்பட்ட இவ்விரு வரலாறுகளும் வெவ்வேறு மொழிகளிற் பேசப்படுகின்றமையால், ஒன்றை அறிந்தவர் மற்றொன்றை அறியாதிருக்கின்றனர். அவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவதே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.

1848 ஆம் ஆண்டுக் கிளர்ச்சி

1815 மார்ச் 2 ஆந் திகதி கைச்சாத்திடப்பட்ட ஒப்பந்தத்தினால் கண்டி இராச்சியம் பிரித்தானிய முடியின் வசமாயிற்று. மூன்றாண்டுகள் கழியுமுன் ஊவா, வெல்லசைப் பகுதிகளில் மக்கள் எழுந்தனர். அவர்களை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவையே அவர்களுடன் சேர்ந்து, 1818 நவெம்பரில் தலை கொடுத்தார். அதன் பின் முப்பதாண்டுகள் கண்டிச் சீமையில் பெரும்போர் நிகழவில்லை. எனினும் அம்முப்பதாண்டுகளில் நாட்டின் உருவமே மாறிவிட்டது.

அம்மாற்றத்தின் பெயர் கோப்பி. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசின் சொத்தாகக் கருத இடமளித்தது. தலைமுறை தலைமுறையாக அந்நிலத்தை ஆண்டுவந்த கிராமவாசியிடம் பத்திரம் ஏது? 1844 வரை ஏக்கர் ஒன்று குறைந்தபட்சம் ஐந்து ஷில்லிங் என்ற விலைக்கு நிலம் விற்கப்பட்டது. வாங்கியோர் வெள்ளைத் துரைமார். அவர்களுள் அரசாங்க உத்தியோகத்தரும் பலர். மாத்தளையைச் சூழ்ந்த மலைகள் சில ஆண்டுகளிற் கோப்பித் தோட்டங்களாயின.

1847 இல் கோப்பி விலை வீழ்ந்தது. அரசின் வருவாயும் வீழ்ந்தது. புதிய தேசாதிபதி டொரிங்டன் பிரபு, குறைந்த பணத்தைக் குடிமக்களிடமிருந்து திரட்ட முற்பட்டார். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, வண்டிக்கு வரி. இவற்றுடன், வளர்ந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டிற்கு ஆறு நாள் தெருவேலை செய்தல் வேண்டும், அன்றேல் பணம் செலுத்துதல் வேண்டும் என்ற கட்டளையும் பிறந்தது. பயிரைப் பன்றியிடமிருந்து காப்பதற்குத் துப்பாக்கியும் நாயும் வைத்திருந்த கமக்காரனுக்கு இவ்வரிகள் எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? தன் நிலத்தைப் பறித்தவனின் கோப்பி மூட்டை செல்வதற்குத் தானே தெரு வெட்டவேண்டிய நிலை அவனுக்கு ஏற்பட்டது.

1848 யூலை 28 ஆந் திகதி தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா என்பவர் அரசனாக முடிசூட்டப்பட்டார். கிரானேகம தேரர் முன்னின்று அச்சடங்கை நடத்தினார். பண்டா அரச குலத்தவரல்லர். மொறட்டுவையிலிருந்து வந்து அவருக்குத் துணைநின்ற புரன் அப்புவும் அவ்வாறே. 1818 இற் பிரதானிகள் தலைமை தாங்கினர். 1848 இற் சாதாரண மக்களே தலைமை தாங்கினர். எனவேதான் வரலாற்றாசிரியர் பலர் இதனைப் புதியவகைக் கிளர்ச்சியின் தோற்றமாகக் கருதுகின்றனர். தம்புள்ளையிலிருந்து தெற்கே நடந்த கூட்டம் மாத்தளையைக் கைப்பற்றி, அரசாங்கக் கட்டிடங்களைத் தாக்கிப் பத்திரங்களை அழித்தது. வாரியப்பொலைத் தோட்டத்தின் அருகே அரச படையுடன் மோதல் நிகழ்ந்தது. கிளர்ச்சியின் போர்க்களமே ஒரு கோப்பித் தோட்டமாயிருந்தமை சிந்திக்கத்தக்கது.

கிளர்ச்சி சில நாட்களில் அடங்கிற்று. தண்டனையோ பல வாரங்கள் நீடித்தது. யூலை 29 இல் இராணுவச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டது. புரன் அப்பு ஓகஸ்ட் 8 ஆந் திகதி கண்டியிற் சுட்டுக்கொல்லப்பட்டார். குடாபொல தேரர் காவியுடையுடனேயே சுட்டுக்கொல்லப்பட்டார். எல்கடுவையில் மறைந்திருந்த கொங்காலேகொட பண்டா செப்டெம்பரிற் பிடிபட்டு, மரண தண்டனை விதிக்கப்பெற்று, பின்னர் அது மாற்றப்பட்டுக் கசையடியுடன் மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார். அரச படையில் உயிரிழந்தோர் எவருமிலர். அவ்வாறிருக்க இத்துணைப் பேரைக் கொன்றது ஏன் என்று கொழும்பில் 'ஒப்சேவர்' பத்திரிகையின் ஆசிரியர் டாக்டர் எலியட் போன்றோர் கேட்டனர். இலண்டன் பாராளுமன்றமும் விசாரணை நடத்திற்று. ஈற்றில் டொரிங்டன் பிரபு பதவியிழந்து திரும்பினார்.

வடதெருவில் வந்தோர்

இனி மற்றைய வரலாற்றை நோக்குவோம். நிலமுள்ள சிங்களக் கமக்காரன் சொற்பக் கூலிக்காகத் தோட்டத்தில் அடிமைபோல் உழைக்க இணங்கவில்லை. எனவே துரைமார் தென்னிந்தியாவை நோக்கினர். மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் முதலிய இடங்களில் வறட்சியும் கடனும் சாதிக் கொடுமையும் மக்களை வாட்டிக்கொண்டிருந்தன. கங்காணியின் சொல்லை நம்பி அவர்கள் கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து காடும் வறண்ட வெளியுமான வடதெரு வழியே மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை என்னும் இடங்களைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். வழியிற் குடிக்க நல்ல நீரில்லை, வாந்திபேதி இருந்தது. வீழ்ந்தவரை விட்டுவிட்டு நடந்தவர்களே மலைக்கு வந்துசேர்ந்தனர். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் முன் இன்றும் நின்று கும்பிடும் மக்களின் நெஞ்சில், நோய் தீர்க்கும் தாய் என்ற எண்ணம் அத்துணை ஆழமாய்ப் பதிந்திருப்பதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டுமா?

1848 இல் கொங்காலேகொட பண்டாவின் கூட்டம் தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு நடந்த வழியும், அதே பத்தாண்டிற் பல்லாயிரந் தமிழ்த் தொழிலாளர் நடந்த வழியும் ஒரே வழிதான். ஒருவன் இழந்த நிலத்தை மீட்கச் சென்றான். மற்றவன் நிலமேயின்றி வந்தான். இருவரையும் அந்தத் தெருவில் இறக்கியது ஒரே கோப்பி, ஒரே ஆட்சி. ஆயினும், காடு பறிபோனமைக்குக் காரணம் அதனை வெட்ட வந்த கூலியே என்ற எண்ணம் கிராமத்தில் மெல்ல மெல்ல வேரூன்றிற்று. விற்றவனும் வாங்கியவனும் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருந்தனர். வெட்டியவன் மட்டும் கண்முன் நின்றான். ஊர் இரண்டுபட்டாற் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்ற பழமொழி தோட்ட வரலாற்றுக்கு நன்கு பொருந்தும்.

விடுதலைக்குப் பின் வந்த போர்கள்

இவ்விடத்தில் உலகைச் சற்றுச் சுற்றிப் பார்ப்போமாயின் எமது நிலை இன்னும் தெளிவாகும். ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் விடுதலை பெற்ற நாடுகள் பல, அந்நியன் வரைந்த கோட்டையே எல்லையாகக் கொண்டு, அக்கோட்டின்மேல் நின்று அயலவனுடன் போர் புரிந்துள்ளன.

1947 ஓகஸ்டில் இந்தியாவும் பாகிஸ்தானும் பிறந்தன. றாட்கிளிவ் என்னும் ஆங்கில நியாயவாதி சில வாரங்களில் வரைந்த எல்லை, விடுதலை நாளுக்குப் பின் ஓகஸ்ட் 17 ஆந் திகதியே வெளியிடப்பட்டது. தாம் எந்நாட்டவர் என்று அறியாமலே மக்கள் சுதந்திர தினத்தைக் கொண்டாடினர். இலட்சக்கணக்கானோர் மாண்டனர், ஒரு கோடிக்கு மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டே காஷ்மீரத்திற் போர் மூண்டது. 1965 இல் மீண்டும் போர். 1971 இல் கிழக்குப் பாகிஸ்தான் மக்களின் விடுதலைப் போரே அயல் நாடுகளின் போராகவும் மாறிற்று. டிசெம்பர் 16 இல் டாக்காவிற் பாகிஸ்தான் படை சரணடைய, வங்காளதேசம் தனிநாடாக நிலைபெற்றது.

ஆபிரிக்காவில் அல்ஜீரிய மக்கள் பிரான்சுக்கெதிராக 1954 முதல் 1962 வரை எட்டாண்டுகள் போராடினர். அயல் நாடான மொறொக்கோ அப்போராளிகளுக்குப் புகலிடம் அளித்தது. ஆனால் அல்ஜீரியா விடுதலை பெற்று ஓராண்டு சிறிது கடந்ததும், 1963 ஒக்டோபரில், பாலைநில எல்லைக்காக அவ்விரு நாடுகளும் போர் தொடுத்தன. நேற்றுவரை ஒரே பாயிற் படுத்தவர்கள் இன்று பாயின் ஓரத்துக்காகச் சண்டையிட்டனர். இத்தகைய போர்கள் பெருகுமென அஞ்சியே ஆபிரிக்க ஒற்றுமைத் தாபனம் 1964 இற் கெய்ரோவிற் கூடி, விடுதலை பெற்றபோதிருந்த எல்லைகளை யாவரும் மதித்தல் வேண்டுமெனத் தீர்மானித்தது.

எமது அயலிலும் அவ்வாறே. 1954 இற் பஞ்சசீலம் பேசிய இந்தியாவும் சீனாவும் 1962 ஒக்டோபரில் இமயத்திற் பொருதன. அப்போரின் பின் சமாதானம் நாடி, டிசெம்பரில் ஆறு அணிசேரா நாடுகளைக் கொழும்பிற் கூட்டியவர் பிரதம மந்திரி சிறிமாவோ பண்டாரநாயக்கா. அயலார் பிணக்கைத் தீர்க்க முன்வந்த அப்பெருமாட்டியே இரண்டாண்டுகளின் பின் தம் அயலாருடனான பிணக்கைத் தீர்த்த முறைதான் எமது மக்களின் தலைவிதியை மாற்றிற்று.

பேனாவினால் நிகழ்ந்த போர்

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையில் அக்காலத்திற் பீரங்கி முழங்கவில்லை. இரு நாடுகளும் பிணங்கியது நிலத்துக்காகவன்று, மனிதருக்காக. அதுவும் அம்மனிதர் எமக்கு வேண்டுமென்று எந்நாடும் கேட்கவில்லை. அவர் எம்மவரல்லர் என்றே இரண்டும் வாதாடின. உலக வரலாற்றில் இஃது ஒரு விந்தையான பிணக்கு.

1946 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கையில் இந்தியத் தமிழர் ஏறத்தாழ ஏழு இலட்சத்து எண்பதினாயிரவர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எழுவர் பாராளுமன்றஞ் சென்றனர். மறு ஆண்டு பெப்ருவரி 4 இல் நாடு சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டு முடியுமுன் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. தந்தை இலங்கையிற் பிறந்தவர் எனவோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர் எனவோ நிரூபிப்பவரே வம்சாவளியாற் பிரசைகள் எனப்பட்டனர். லயத்திற் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் எங்கே கிடைக்கும்? 1840 இல் உரிமைப் பத்திரம் இல்லையென்று கூறிக் கிராமவாசியின் காடு பறிக்கப்பட்டது. 1948 இற் பிறப்புப் பத்திரம் இல்லையென்று கூறித் தொழிலாளியின் நாடு பறிக்கப்பட்டது. முன்னதைச் செய்தது அந்நிய ஆட்சி. பின்னதைச் செய்தது சுதந்திர அரசு. வேற்றுமை இவ்வளவே.

1949 இல் இந்திய பாகிஸ்தானிய வாசிகள் சட்டம் வந்தது. மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ச்சியாக இங்கு வசித்தமைக்குச் சான்று காட்டல் வேண்டும் என்றது அது. தாய் இறந்த செய்தி கேட்டு ஊர் சென்று, ஓராண்டுக்கு மேல் தங்கித் திரும்பியவனின் தொடர்ச்சி அறுந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. ஏறத்தாழ 134,000 பேருக்கே உரிமை கிடைத்தது. அவ்வாண்டே தேர்தற் சட்டமுந் திருத்தப்பட்டு, பிரசையல்லாதார் வாக்கிழந்தனர். 1952 தேர்தலில் அம்மக்களின் சார்பில் ஒருவரேனும் தெரிவாகவில்லை. அவ்வாண்டு நடந்த சத்தியாக்கிரகமும் சட்டத்தை அசைக்கவில்லை.

1954 இல் நேரு–கொத்தலாவலை ஒப்பந்தம் உருவாயிற்று. ஆயினும் இரு நாடுகளும் அதற்கு இருவேறு பொருள் கூறின. இலங்கைப் பிரசையாக ஏற்கப்படாதவர் இந்தியரே என்றது இலங்கை. விரும்பித் தம்மைப் பதிந்துகொண்டவரே இந்தியப் பிரசைகள் என்றார் பண்டித நேரு. நடுவில் நின்றவர் நாடற்றவராயினர்.

நேரு 1964 மே மாதம் மறைந்தார். சீனப் போரின் பின் அயலாரின் நட்பை நாடிய இந்தியா, தனது பழைய நிலையைத் தளர்த்திற்று என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றவர் 975,000 பேர் எனக் கொள்ளப்பட்டது. அவருள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் முடிவாயிற்று. அவ்வெச்சமும் 1974 இல் ஆளுக்குப் பாதியாக, எழுபத்தையாயிரம் எழுபத்தையாயிரமாகப் பங்கிடப்பட்டது. ஆட்டுமந்தையைப் பங்கிடும் சகோதரரும் எந்த ஆடு எங்கு மேய விரும்புகிறதென்று பாரார் அன்றோ? ஒப்பந்தத்தின் முன் அம்மக்களின் பிரதிநிதிகளை எவருங் கலந்தாலோசிக்கவில்லை. விண்ணப்பம் கோரப்பட்டபோது அவர்தம் மனம் வெளிப்பட்டது. இந்தியாவைக் கேட்டோர் ஒதுக்கிய தொகைக்குக் குறைந்தனர்; இலங்கையைக் கேட்டோர் ஒதுக்கிய தொகையை விஞ்சினர்.

ஒப்பந்தம் எழுதி இரு மாதங்கள் ஆகுமுன், 1964 டிசெம்பரில், பெரும்புயல் வீசித் தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. தலைமன்னாரிலிருந்து சென்ற கப்பல் பின்னர் இராமேஸ்வரத்தில் ஆட்களை இறக்கிற்று. அக்கப்பலில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் சென்றனர். மாத்தளையிலிருந்தும் குடும்பங்கள் பிரிந்தன. அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கைப் பிரசாவுரிமை, பாட்டிக்கு எதுவுமில்லை. கண்டிப் புகையிரத நிலையத்தின் அழுகையை முதியோர் இன்றுங் கூறுவர். சென்றவருட் பலர் நீலகிரியில் மீண்டும் தேயிலைக் கொழுந்தே பறித்தனர். அவர்களுக்கு வேலையளிப்பதற்காகவே 1968 இல் தமிழ்நாட்டரசு கோத்தகிரி, கூடலூர் முதலிய இடங்களிற் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கிற்று. இங்கு அவரை இந்தியாக்காரர் என்றனர். அங்கு அவரைச் சிலோன்காரர் என்றனர்.

1983 யூலை வன்செயல்களின் பின் கப்பற் போக்குவரத்து நின்றது. 1987 இல் இரு நாடுகளின் பிணக்கு வானத்திலும் நிலத்திலும் ஆயுதந் தாங்கிற்று. இந்தியப் படை வந்து 1990 இல் திரும்பியபோது அதன் வீரர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இம்மண்ணில் மாண்டிருந்தனர். 1988 இல் ஒரு சட்டமும் 2003 இல் மற்றொரு சட்டமும் நிறைவேறி, எஞ்சியிருந்த நாடற்றவருக்கு இலங்கைப் பிரசாவுரிமை அளித்தன. நாடு விடுதலை பெற்று ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின்னரே அம்மக்களுக்கு விடுதலை வந்தது என்று கூறின் அது மிகையாகாது.

நாம் கற்கவேண்டியது

இவ்வரலாற்றிலிருந்து வாலிபராகிய நாம் கற்கவேண்டியவை மூன்று.

முதலாவது, விடுதலைப் போர் எவருக்கும் தனிச்சொத்தாகாது. மாத்தளையில் 1848 நினைவுச்சின்னத்தைக் காணும் தமிழ் மாணவன், அஃது எமக்குரியதன்று என எண்ணி விலகிச் செல்ல வேண்டியதில்லை. நாய்க்கு வரி விதித்த ஆட்சிதான் எம் முன்னோரைத் துண்டின் கடனிற் கட்டிப்போட்டது. அவ்வாறே வடதெருவில் மடிந்தவர்களை நினையும்போது, சிங்கள மாணவனும் அவர்கள் என் காட்டை வெட்ட வந்தவர்கள் என எண்ண வேண்டியதில்லை.

இரண்டாவது, அரசுகள் பிணங்கினாலும் இணங்கினாலும், பேசப்படும் மக்களைக் கேளாது செய்யும் முடிவு நீதியாகாது. 1954 இற் பிணங்கியபோதும் 1964 இல் இணங்கியபோதும் இழந்தவர் ஒரே மக்களே. நட்பென்ற பெயரால் நிகழும் அநீதியை நாம் எளிதில் இனங்காண்பதில்லை. ஆகவே அது மிக ஆபத்தானது.

மூன்றாவது, பத்திரமில்லாதவன் உரிமையில்லாதவன் என்ற வாதத்தை நாம் எங்கு கேட்டாலும் ஐயுறுதல் வேண்டும். காணியற்ற நிலை எமது தோட்டங்களில் இன்னும் முற்றாக நீங்கவில்லை. பிரசாவுரிமை கிடைத்தது, லயத்தின் கூரையும் அதன் கீழுள்ள நிலமும் பலருக்கு இன்னும் சொந்தமாகவில்லை. 1848 இற் கமக்காரன் கேட்டதும் நிலமே; இன்று தோட்டத் தொழிலாளி கேட்பதும் நிலமே.

2023 இல், மலையகத் தமிழர் வருகையின் இருநூறாண்டை நினைவுகூரும் முகமாக, தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபவனி பழைய வடதெரு வழியே வந்து ஓகஸ்ட் 12 ஆந் திகதி மாத்தளையில் நிறைவுற்றது. வழியில் எல்லா இனத்தவரும் மதத்தவரும் அவர்களை வரவேற்றனர். அந்நடை ஒரு நல்ல தொடக்கம். அது விழாவாக முடிந்துவிடலாகாது. எமது சங்க அங்கத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லங்களில் பாட்டன் பாட்டியரின் பழைய துண்டு, கடவுச்சீட்டு, விண்ணப்பப் பிரதி, நீலகிரியிலிருந்து வந்த கடிதம் ஏதேனும் இருப்பின் அதைக் கறையான் தின்ன விடாதீர்கள். முதியோர் கூறுவதை உடனிருந்து எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதைச் சிங்கள நண்பன் ஒருவனுக்கு வாசித்துக் காட்டி, அவன் பாட்டன் 1848 ஐப் பற்றிக் கூறிய கதையையும் கேட்டு எழுதுங்கள். இரு ஏடுகளும் ஒரே அலமாரியில் இருக்கும் நாளில் மாத்தளையின் வரலாறு முழுமை பெறும்.